சின்ன ஆபீஸ், முப்பது பேர்: உட்காருகிறவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி அமைப்பது எப்படி

"புது ஆபீஸ் போடப்போறோம், ஆளுங்களுக்கு உற்சாகமா இருக்கிற மாதிரி பண்ணணும்" என்று யாராவது சொன்னால், அடுத்த பேச்சு பெரும்பாலும் பீன் பேக் பற்றித்தான் இருக்கும். அப்புறம் ஒரு சுவருக்கு மட்டும் ஆரஞ்சு பெயின்ட், அதில் கனவு, வெற்றி, முயற்சி என்று ஏதாவது ஒரு வாசகம், ஓரமாக ஒரு கேரம் போர்டு. இதிலெல்லாம் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் உச்சந்தலையில் ஏசி நேராக வீசுகிறது, மூன்று மணிக்கு மேல் மானிட்டரில் வெயில் விழுகிறது, பின்னால் நடந்துபோகிற ஒவ்வொருவரும் அவருடைய திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றால், அந்த வாசகத்தை அவர் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிப்பார்.

சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ ஒரு கட்டிடத்தின் முதல் மாடியையோ இரண்டாம் மாடியையோ வாடகைக்குப் பிடித்து, பதினைந்து முதல் முப்பது பேர் வரை உட்காரவைக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐ.டி. பார்க்கில் இடம் எடுக்கிறவர்களுக்கு ஆர்க்கிடெக்ட் இருப்பார், அவர்களுக்கு இது தேவைப்படாது. நான் சொல்வது கட்டிட ஓனர், ஆசாரி, எலக்ட்ரீஷியன், நீங்கள் என்று நான்கு பேர் நின்றுகொண்டே முடிவெடுக்கிற ஆபீஸ். அந்த நான்கு பேரில் அங்கே தினமும் எட்டு மணி நேரம் உட்காரப்போகிறவர் பெரும்பாலும் ஒருவர்கூட இல்லை. கோளாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது, எனவே நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கேளுங்கள், கேட்டுச் செய்ததைக் கலைக்காதீர்கள்

இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆபீஸ் அமைக்கிற யாரும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. நான்கு விதமான அறைகள். முதல் அறையில் மேசை, நாற்காலியைத் தவிர எதுவும் கிடையாது, சுத்தமாக, மொட்டையாக. இரண்டாவதில் செடிகளும் படங்களும் உண்டு, ஆனால் அவற்றை ஆய்வாளர்களே வைத்துவிட்டார்கள். மூன்றாவதில் அதே செடிகள், அதே படங்கள். எதை எங்கே வைப்பது என்பதை வேலை செய்கிறவரே முடிவுசெய்தார். நான்காவதில் அவர் பார்த்துப் பார்த்து அடுக்கிய பிறகு, ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துவிட்டார். மொட்டை அறையோடு ஒப்பிட்டால் இரண்டாவது அறையில் வேலை 17 சதவீதம் கூடியது, மூன்றாவதில் 32 சதவீதம். நான்காவதில் அந்த லாபம் காணாமல் போய்விட்டது. பொருள் ஒன்றுதான், செலவும் ஒன்றுதான், யார் கை வைத்தது என்பது மட்டும்தான் மாறியது.

சரி, கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து "உங்களுக்கு என்ன வேணும், தயங்காம சொல்லுங்க" என்றால் "எல்லாம் ஓகே சார்" என்ற பதில்தான் வரும். முதலாளி முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், திறக்கிற ஒருவர் ஏசியைப் பற்றி மட்டும் சொல்வார். அதற்குப் பதிலாக, பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: இப்போது இருக்கிற இடத்தில் தினமும் எரிச்சல் தருகிற விஷயம் எது, புது இடத்துக்குப் போனாலும் மாறவே கூடாது என்று நினைப்பது எது. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் பல நேரம் அதில்தான் சரக்கு இருக்கும். "நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து சீட், அதைப் பிரிச்சிடாதீங்க" என்று வரும். கூட்டிப் பெருக்குகிற அக்காவையும் ஆபீஸ் பாயையும் கட்டாயம் கேளுங்கள். எந்த மூலையில் தண்ணீர் கசிகிறது, எந்த நேரத்தில் எங்கே கூட்டம் கூடி நின்று பேசுகிறது, எந்த பிளக்கில் எத்தனை சார்ஜர் தொங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆசாரி வேலையைத் தொடங்கும் முன் சாக்பீஸால் தரையிலேயே மேசைகளையும் நடைபாதையையும் வரைந்துவிடுங்கள். ஒரு சனிக்கிழமை எல்லாரையும் அழைத்துப்போய் ஒரு டீயைக் கையில் கொடுத்து, அவரவர் கோட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். காகிதத்தில் பார்த்தபோது தெரியாதது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். எது மாற்ற முடியும், எது முடியாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது: கழிப்பறை நகராது, பட்ஜெட் இவ்வளவுதான், ஜன்னல் பக்கம் எட்டு பேருக்குத்தான் இடம். முடியாததை முடியாது என்று சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள். கேட்டுவிட்டு, பிறகு நம் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்தால்தான் கோபம் வரும், அதுதான் அந்த நான்காவது அறை.

ஆயுத பூஜையன்று எந்த ஆபீஸிலும் பாருங்கள், யாரும் சொல்லாமலே ஒவ்வொருவரும் தன் மேசையைத் துடைத்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேவையில்லாத காகிதத்தையெல்லாம் வெளியே கொட்டுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அந்த இடம் அவர்களுடையது. மேசையில் பிள்ளையின் படம், முருகன் படம், ஒரு மணிபிளான்ட், அஜித்தோ விஜய்யோ ஒரு ஸ்டிக்கர், எதை வைத்தாலும் விட்டுவிடுங்கள். 'கிளீன் டெஸ்க் பாலிசி' என்று ஒரு காகிதத்தை ஒட்டி எல்லா மேசையையும் ஒரே மாதிரி ஆக்குகிற முதலாளிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது, இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்கிறார்கள்.

ஜன்னல் யாருக்கு, வெயில் யாருக்கு

நம் ஊரில் ஆபீஸ் பிளான் போடும்போது முதலில் முடிவாவது எம்.டி. கேபின். அது கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வரவேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லியிருப்பார். நான் வாஸ்துவோடு சண்டைக்குப் போகிறவன் இல்லை, இந்த விஷயத்தில் அதற்கும் வெயிலுக்கும் ஒரு ஒத்துப்போதலும் இருக்கிறது: மதியத்துக்கு மேல் அடிக்கிற மேற்கு வெயிலை வாங்குகிற மூலை அதுதான், அங்கே ஒரு கேபின் இருந்தால் மற்றவர்களுக்கு அது தடுப்பு. ஆனால் அந்த கேபினைக் கூரைவரை பிளைவுட் வைத்து அடைத்து, இருக்கிற பெரிய ஜன்னலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, முதலாளி பாதி நாள் வெளியே சுற்ற, ஏசி போட்ட காலி அறை ஒன்று வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருப்பதுதான் பிரச்சினை. இடுப்புக்கு மேல் கண்ணாடி வையுங்கள், வெளிச்சம் ஹாலுக்கு வரட்டும். ஸ்டோர் ரூம், பழைய ஃபைல் அலமாரி, சர்வர், பிரிண்டர் எல்லாவற்றையும் மேற்குச் சுவரை ஒட்டியோ, இருட்டான நடுப்பகுதியிலோ தள்ளிவிடுங்கள். அவற்றுக்கு ஜன்னல் தேவையில்லை.

வடக்குப் பக்க ஜன்னல் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம், நேர் வெயில் மிகவும் குறைவு. தெற்கு ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேடு இருந்தால் சமாளித்துவிடலாம். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை, ஏனென்றால் சூரியன் தாழ்ந்து நிற்கும்போது மேலே இருக்கிற சன்ஷேடு எதையும் தடுக்காது. பலரும் செய்வது உள்ளே திரையோ பிளைண்ட்ஸோ மாட்டுவது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் அந்தத் திரையைச் சூடாக்கி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே கட்டுகிற மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ பச்சை வலையோ அந்தச் சூட்டை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளிப்பக்கமே கட்டுங்கள். மேல்மாடிக்கு மேல் வெறும் மொட்டை மாடி என்றால் கூரையில் வெள்ளை கூலிங் பெயின்ட் அடிக்க ஓனரிடம் பேசிப் பாருங்கள், செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டாலும் லாபம்தான்.

மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் திரையில் பிரதிபலிக்கும். எல்லாருக்கும் ஜன்னல் போதாது என்றால் ஜன்னலோரத்தை யாருக்கும் கொடுக்காமல் நடைபாதையாகவோ டீ குடிக்கிற இடமாகவோ விட்டுவிடலாம். அப்போது அது எல்லாருக்கும் சொந்தம்.

விளக்கு பற்றி ஒரு விஷயம். எழுதப் படிக்க, கம்ப்யூட்டரில் வேலை செய்ய மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்பது பொதுவாக எல்லாரும் ஏற்றுக்கொண்ட அளவு. போனிலேயே இதை அளக்க ஆப் இருக்கிறது, துல்லியமாக இராது, ஆனால் ஒரு மேசையில் 450-ம் இன்னொன்றில் 120-ம் காட்டினால் விஷயம் புரிந்துவிடும். டியூப் லைட்டை ஃபேனுக்கு மேலே மாட்டாதீர்கள். றெக்கை சுற்றும்போது வெளிச்சம் வெட்டி வெட்டி விழும், அதன் கீழ் உட்கார்ந்தவருக்குச் சாயங்காலம் தலைவலி நிச்சயம், ஏன் என்று அவருக்கே தெரியாது.

ஏசி இருக்கிறது, காற்று இருக்கிறதா?

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற அதே காற்றை இழுத்துக் குளிரவைத்துத் திரும்ப விடுகிறது, அவ்வளவுதான். இருபது பேர் ஒரு ஹாலில் கதவு ஜன்னலை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர்கள் விடுகிற மூச்சு அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. மூடிய ஏசி ஹாலில் அது ஆயிரத்தைத் தாண்டி இரண்டாயிரத்தையும் தொடுவது சாதாரணம். மதியம் கண் சொக்கினால் சாம்பார் சாதத்தின்மேல் பழியைப் போடுகிறோம், பாதிப் பழி காற்றுக்குச் சேரவேண்டியது. ஹார்வர்ட் பொது சுகாதாரப் பள்ளியின் ஜோசப் ஆலனும் குழுவினரும் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் 24 ஆபீஸ்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எந்த நாளில் எந்தக் காற்று என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. வெளிக்காற்றைக் கூட்டி, பெயின்ட், பசை போன்றவற்றிலிருந்து வரும் ரசாயன ஆவிகளையும் குறைத்த நாட்களில் முடிவெடுக்கும் திறன் குறித்த மதிப்பெண்கள் வழக்கமான ஆபீஸ் காற்று இருந்த நாட்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தன. ஆட்கள் கொஞ்சம்தான், ஒரே ஆய்வுதான், இருந்தாலும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்க இது போதுமான காரணம்.

செய்யவேண்டியது பெரிய விஷயம் இல்லை. ஹாலின் ஒரு கோடியில் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்க்கோடியில் காற்று உள்ளே வர ஒரு வழி. அது கொசுவலை அடித்த வென்டிலேட்டராகவோ இரண்டு விரல் திறந்த ஜன்னலாகவோ இருக்கலாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வந்த காற்று வந்த வழியே போய்விடும். தெருவில் தூசி அதிகம் என்றால் ஃபில்டர் வைத்த சின்ன ஃபேன் ஒன்றை உள்ளே தள்ளுகிற மாதிரி மாட்டலாம். காலையில் ஏசி போடும் முன் பத்து நிமிடமும், சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடமும் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுவது யாராவது ஒருவரின் வேலையாக இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது, ஒன்றை வாங்கி ஹால் நடுவில் வைத்துவிட்டால் ஜன்னல் திறப்பதைப் பற்றிய வாக்குவாதமே இருக்காது.

செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்பி இருபது தொட்டி வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சு 1989-இல் நாசா வெளியிட்ட ஒரு ஆய்விலிருந்து வந்தது, அது மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. நிஜ அறையில் ஜன்னல் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள்வரை வேண்டும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் கணக்குப் போட்டன. கண்ணுக்காக வையுங்கள், அதுவே போதுமான காரணம். யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

குளிர் பற்றிய சண்டை எல்லா ஆபீஸிலும் உண்டு. ஒருவர் 18-இல் வைக்கிறார், பக்கத்தில் இருப்பவர் துப்பட்டாவைக் காதுவரை போர்த்திக்கொள்கிறார். ஆபீஸ்களுக்கான குளிர் அளவுகள் 1960-களில் போட்ட கணக்கை ஒட்டி வந்தவை, அதில் உடல் சூட்டுக்கு எடுத்துக்கொண்டது ஒரு நடுவயது ஆணின் அளவு என்று 2015-இல் இரண்டு டச்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே நடுங்குகிற பெண்கள் சும்மா சொல்லவில்லை. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் இந்திய ஆபீஸ்களில் ஆட்களைக் கேட்டு அளந்தபோது, வெளிநாட்டு விதிகள் சொல்வதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் நம் ஆட்கள் வசதியாகவே இருப்பது தெரிந்தது. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீட்டோடு விற்கிற ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கவேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. என் யோசனை 26 டிகிரி, கூடவே சீலிங் ஃபேன். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும், பழைய ஃபேன் 75 வாட். ஆளுக்கு ஒரு ரெகுலேட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இங்கே ஃபால்ஸ் சீலிங் வந்து குறுக்கே நிற்கும். வாடகைக் கட்டிடங்களில் கூரை பத்து அடி உயரம் இருந்தால் பெரிது. அதில் ஒன்றரை அடி இறக்கி ஜிப்சம் அடித்துவிட்டால் ஃபேன் மாட்ட உயரம் கிடையாது, உடனே ஃபேன் எல்லாம் கழற்றப்படும், அப்புறம் கரண்ட் போனால் எல்லாரும் காகிதத்தால் விசிறிக்கொள்ளவேண்டியதுதான். வயர் தெரியக்கூடாது என்பதற்காக மட்டும் ஃபால்ஸ் சீலிங் போடாதீர்கள். சுவரோரம் சுற்றி ஒரு பட்டை மட்டும் அடித்து நடுவை விட்டுவிடலாம், அல்லது வயரை நேர்த்தியாக பி.வி.சி. கேசிங்கில் ஓட்டி அதற்கும் கூரை நிறத்தையே அடிக்கலாம். ஏசி யூனிட்டை நடைபாதைமேல் வீசுகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். மாட்டுகிற பையன் குழாய் குறைவாகச் செலவாகிற சுவரைத்தான் காட்டுவான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

சத்தம்

எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்தால் ஒருவரோடு ஒருவர் நன்றாகப் பேசிப் பழகுவார்கள் என்பதுதான் ஓப்பன் ஆபீஸுக்குச் சொல்லப்படுகிற காரணம். உண்மையான காரணம் சதுர அடிக்கணக்கு, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் ஓப்பன் ஆபீஸுக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களில் ஆட்களின் கழுத்தில் சென்சாரைத் தொங்கவிட்டு அளந்து 2018-இல் வெளியிட்டார்கள்: நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்துவிட்டது, ஈமெயிலும் சாட்டும் கூடிவிட்டன. நம் ஊரில் தனியாகச் சோதனை தேவையில்லை, ஓப்பன் ஹாலில் எத்தனை பேர் பாட்டே ஓடாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினால் போதும்.

அதற்காக எல்லாரையும் பெட்டி பெட்டியாக அடைக்கவேண்டும் என்று சொல்லவரவில்லை. கியூபிக்கிளுக்கு வழி திறந்துவிட்ட ராபர்ட் புராப்ஸ்ட் 1960-களில் ஹெர்மன் மில்லர் என்ற ஃபர்னிச்சர் நிறுவனத்துக்காக யோசித்தது வேறு ஒன்று. ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்கிற, அகலமான, நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்கிற இடம். வாங்கிய கம்பெனிகள் அதைக் குறுக்கிக் குறுக்கி எலிப்பொறி ஆக்கியபோது அவரே அதைப் பைத்தியக்காரத்தனம் என்று திட்டினார்.

முதலில் செய்யவேண்டியது, போனில் பேசுகிறவர்களையும் தலையைக் குனிந்து வேலை பார்க்கிறவர்களையும் பிரிப்பது. சேல்ஸ், கலெக்‌ஷன், கஸ்டமர் கேர் ஒரு கோடியில். அக்கவுன்ட்ஸ், டிசைன், புரோகிராம் எழுதுகிறவர்கள் மறுகோடியில். நடுவில் மீட்டிங் ரூம், அலமாரி, பேன்ட்ரி எதையாவது வைத்துவிட்டால் அதுவே மதில். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் "டீம் லீடர் பக்கத்திலேயே எல்லாரும் இருக்கணும்" என்று யாராவது குறுக்கே வருவார்கள்.

இரண்டாவது, எதிரொலி. காலி ஹாலில் நின்று ஒரு தட்டு கை தட்டிப் பாருங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் தரை, கண்ணாடி, கான்கிரீட் கூரை என்று எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கிற பரப்பு. ஜிப்சம் போர்டும் தெர்மாகோலும் சத்தத்தைக் குடிக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ராக்வூல் என்கிற பாறை நார், கண்ணாடி நார், மினரல் ஃபைபர் டைல், கனமான திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி, இவைதான் குடிக்கும். பத்தமடைப் பாயையோ சாதாரணக் கோரைப் பாயையோ சுவரில் ஒட்டினால் பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது. அதே பாயை இரண்டு அங்குல ராக்வூலை வைத்து அடித்த மரச் சட்டத்தின்மேல் போர்த்தினால் அழகும் வேலையும் சேர்ந்து வரும். சுவர் முழுக்க வேண்டாம், உட்கார்ந்தவர் காது உயரத்திலும் கூரையில் சில இடங்களிலும் இருந்தால் போதும், வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, மீட்டிங் ரூம் பார்ட்டிஷன். இது ஃபால்ஸ் சீலிங் மட்டத்தோடு நின்றுவிட்டால் உள்ளே பேசுவதெல்லாம் மேலே ஏறி, பக்கத்து அறையில் இறங்கும். சம்பள உயர்வு பற்றி உள்ளே பேசியது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்திருப்பதற்கு யாரும் ஒட்டுக்கேட்டது காரணமாக இருக்கவேண்டியதில்லை. பார்ட்டிஷனைக் கான்கிரீட் கூரைவரை கொண்டுபோய் முட்டச் சொல்லுங்கள், நடுவில் ராக்வூல் வைக்கச் சொல்லுங்கள். கூடவே நாலுக்கு நாலு அடியில் ஒரு சின்ன போன் அறை, ஒரு ஃபேன், ஒரு ஸ்டூல். வீட்டிலிருந்து வருகிற போனைப் படிக்கட்டில் நின்று பேசவேண்டியதில்லை என்பதே பலருக்குப் பெரிய நிம்மதி.

மேசை நாற்காலி

பணத்தை நாற்காலியில் போடுங்கள், மேசையில் மிச்சம் பிடியுங்கள். ஆசாரி அடிக்கிற மேசை பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் அதில் வசதியாகக் கை வைக்கவேண்டும் என்றால் நாற்காலியை ஏற்றவேண்டும், ஏற்றினால் கால் தரையில் படாமல் தொங்கும், சாயங்காலம் கால் மரத்துப்போகும். 70, 72 என்று சொல்லி அடியுங்கள், குள்ளமானவர்களுக்குச் சாய்வான கால் பலகை ஒன்று அதே பிளைவுட் துண்டில் அடித்துவிடலாம். லேப்டாப் மட்டுமே வைத்து நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு ஒரு ஸ்டாண்டும் தனி கீபோர்டும் வாங்கிக் கொடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கவேண்டும். நாற்காலியை மொத்தமாக வாங்கும் முன் இரண்டு மூன்று கடைகளிலிருந்து ஒவ்வொன்று எடுத்து ஒரு வாரம் மாற்றி மாற்றி உட்காரச் சொல்லுங்கள். மலிவான மெஷ் நாற்காலியில் கேஸ் சிலிண்டர் சீக்கிரம் இறங்கிவிடும். பெரிய கம்பெனிகள் காலிசெய்த நல்ல நாற்காலிகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், புது மட்ட ரகத்தைவிட அவை எவ்வளவோ மேல்.

பிளக் பாயின்ட் மேசைக்கு மேலே வரட்டும், ஆளுக்கு நான்கு. யாருடைய முதுகும் நடைபாதையைப் பார்த்து இருக்கவேண்டாம்; தவிர்க்கவே முடியாவிட்டால் பின்னால் ஒரு தாழ்ந்த அலமாரி போடுங்கள். கேமரா வாசலுக்கும் ஸ்டோருக்கும் பணம் வைக்கிற இடத்துக்கும் இருந்தால் போதும், ஆட்களின் திரையைப் பார்த்து வைத்த கேமரா செய்கிற கெடுதலுக்கு என்ன பீன் பேக் போட்டாலும் ஈடாகாது. ஆளுக்கு மொத்தம் எழுபது எண்பது சதுர அடி என்று கணக்கு வைத்தால் தாராளம், ஐம்பதுக்குக் கீழே போனால் நாற்காலியும் நாற்காலியும் இடிக்கும். நடைபாதை மூன்றரை அடிக்குக் குறையவேண்டாம். வாசலில் ஒரு படி இருந்தால் சாய்தளம் போடுங்கள், ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில். கதவு 90 சென்டிமீட்டர் திறக்கவேண்டும். வீல்சேர் இப்போதைக்கு யாருக்கும் தேவையில்லை என்று விட்டுவிட்டால், தேவைப்படுகிற ஒருவரை வேலைக்கு எடுக்கவே முடியாத ஆபீஸாக அது இருந்துவிடும்.

கீழே ஷோரூமோ கடையோ இருந்தால் அங்கே நிற்கிறவர்களுக்கும் ஸ்டூல் வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியே உட்காரும் வசதியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், கேரளா 2018-லேயே செய்தது.

சாப்பாடு, டீ, கழிப்பறை, ஹெல்மெட்

தன் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறக்கிற ஆபீஸில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எட்டு பேர் உட்காருகிற ஒரு நீள மேசை போடுங்கள், முறை வைத்துச் சாப்பிட்டுக்கொள்வார்கள். கை கழுவுகிற சிங்கில் சோற்றுப் பருக்கை அடைக்காத மாதிரி எடுத்துக் கழுவுகிற ஜாலி, பாக்ஸ் கழுவத் தனி இடம், எக்ஸாஸ்ட் ஃபேன், இவ்வளவும் இருந்தால் மீன் குழம்பு வாசனை ஹாலுக்கு வராது, அசைவம் கொண்டுவரக்கூடாது என்ற அறிவிப்பும் தேவைப்படாது. அந்த அறிவிப்பை ஒட்டிய நாளே பாதிப் பேருக்கு இது தங்கள் இடம் இல்லை என்று தெரிந்துவிடும். பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் கீழே டீக்கடைக்குப் போகிறவர்களை உள்ளே மெஷின் வைத்துத் தடுக்க நினைக்காதீர்கள். இரண்டு டீமுக்கு நடுவே உள்ள சிக்கல் அங்கேதான் தீரும்.

பெண்கள் கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் சரியாக விழவேண்டும், பை மாட்டக் கொக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, தண்ணீர். இது ஹாலைப் பார்த்துத் திறக்கிற கதவாக இருக்கவேண்டாம், முன்னால் ஒரு மறைப்பு வையுங்கள். ரிசப்ஷனுக்குச் செலவழிக்கிறதில் பாதியை இங்கே செலவழித்தால் ஆள் நிற்பார்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆறுக்கு எட்டு அடியில் உள்ளே தாழ்போடுகிற ஒரு சின்ன அறையும் வேண்டும், ஒரு கட்டிலோ திவானோ போட்டு. குழந்தைக்குப் பால் எடுத்து வைக்கிறவருக்கு, மாதவிடாய் வலியில் இருப்பவருக்கு, தொழுகை செய்கிறவருக்கு, காய்ச்சலோடு வந்துவிட்டவருக்கு, எல்லாருக்கும் அது போதும். குழந்தைகள் காப்பகம் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் சட்டப்படி கட்டாயம். ஆனால் பத்துப் பேர் ஆனதுமே பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழுவை அமைத்து, அதன் அறிவிப்பைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டவேண்டும். கதவுக்குப் பின்னால் மாட்டாதீர்கள்.

ஹெல்மெட் வைக்க வாசலோரம் எண் போட்ட தட்டுகள், ஐப்பசி கார்த்திகை மழையில் ரெயின்கோட் காயப்போட ஒரு கம்பி, அதன் கீழ் தண்ணீர் வடிய ஒரு தட்டு. யாரும் கேட்கமாட்டார்கள், வைத்தால் எல்லாரும் பயன்படுத்துவார்கள். இன்வெர்ட்டரில் எது எது ஓடவேண்டும் என்பதை எலக்ட்ரீஷியனிடம் எழுதியே கொடுங்கள்: வைஃபை, ஹால் ஃபேன்கள், பாதி விளக்கு, கழிப்பறை விளக்கு. கடைசியாகச் சொன்னதை எப்போதும் மறந்துவிடுவார்கள்.

பணம் குறைவு என்றால் எந்த வரிசையில்

நாற்காலி, காற்றோட்டம், கழிப்பறை, மேற்கு வெயிலுக்குத் தட்டி. இவை முடிந்தபிறகு விளக்கு, எதிரொலிக்குப் பேனல், சாப்பாட்டு மேசை. பெயின்ட், லோகோ, ரிசப்ஷன் சோபா எல்லாம் அதற்கும் பிறகு, மிச்சம் இருந்தால். மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துவிடுங்கள். குடிவந்து ஒரு மாதம் கழித்து மறுபடியும் துண்டுச் சீட்டு சுற்றவிட்டால் இன்னொரு பிளக், ஒரு விளக்கை ஒரு அடி நகர்த்துவது, ஒரு கதவு கிறீச்சிடுவது என்று சின்னச் சின்னதாக வரும். அந்தப் பணம் அதற்கு. எலக்ட்ரீஷியனை ஒரு நாள் வரவைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள், "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தால் அது வருஷக்கணக்கில் கிடக்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், எங்கெங்கே துளை போடலாம், வெளியே தட்டி கட்டலாமா, எக்ஸாஸ்டுக்குக் கண்ணாடியில் ஓட்டை வெட்டலாமா, காலிசெய்யும்போது எதையெல்லாம் கழற்றிக்கொண்டு போகலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பார்ட்டிஷனையும் பேனலையும் ஆணி அடிக்காமல் ஸ்க்ரூவில் மாட்டச் சொன்னால் அடுத்த இடத்துக்கும் கூடவே வரும், அட்வான்ஸில் பிடித்தம் செய்ய ஓனருக்கும் காரணம் கிடைக்காது.